ஏழாம் நம்பர் போத்தல்

தவமணிதேவிக்குப் பொய் லேபலைக் கண்டால் ஆகாது. ஆட்களைப் பற்றிச் சொல்கிற பொய்யென்றால் பொறுத்துக்கொள்வாள். எல்கடுவத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன முத்துவீரன் மகள் அவள், அவளைப் பற்றி ஹொஸ்டலில் சொல்லாத பொய்யா? ஆனால் போத்தலுக்குள் கிடக்கிற செத்த உயிர் எங்கே பிடிபட்டது, எந்தத் தேதியில், யார் கையால் என்பதில் ஒருவன் பொய் எழுதினால் அவளுக்கு உடம்பு கொதித்துவிடும். செத்தது எழுந்து வந்து, நான் அங்கே இருக்கவேயில்லை என்று சொல்லப்போகிறதா? அதற்காகப் பேச அந்த ஓரங்குலக் கடுதாசித் துண்டு மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் இரண்டாயிரத்து ஏழு தைப்பொங்கல் கழிந்த வாரம் மர்சூக்கை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள்.

மர்சூக் அலுவிகாரைக்காரன். சொந்த லொறியில் திருகோணமலைப் பக்கம் போய்க் கருவாடு ஏற்றி வந்து மாத்தளைச் சந்தையில் போடுகிறவன். அவன் மகள் நூருன்னிஸா தவமணி டியூஷன் சொல்லிக்கொடுக்கிற டியூட்டரியில் படித்தாள். அந்த மரியாதைக்காகத்தான் முந்தின கார்த்திகையில் பன்னிரண்டு போத்தல்களை வாங்கிக்கொண்டான். வேலை பெரிதில்லை. லொறி நிற்கிற கரையில் ஒரு பிடி கடற்பாசியைப் பிடுங்கி ஸ்பிரிட்டுக்குள் அமுக்க வேண்டும். துண்டுக் கடுதாசியில் இடம், தேதி, தன் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டும். பேனை எழுத்து ஸ்பிரிட்டில் கரையும், பென்சில் நிற்கும். பெயர் இல்லாத லேபல் லேபலே இல்லை என்று அவள் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தாள்.

கடலுக்கு அவளே போயிருக்கலாம்தான். ஆனால் அந்த வருஷம் தமிழ்ப் பெயருள்ள இருபத்தைந்து வயதுப் பெண் தனியாகத் திருகோணமலை பஸ்ஸில் ஏறினால், தம்புள்ளை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் இறக்கிவிடுவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். பாசிக்குள் இருக்கிற பூச்சி பார்க்கப் போகிறேன் என்றால் நம்புவார்களா?

அவள் தேடியது குறுணை அரிசி அளவுள்ள ஒரு கடல் நத்தை. முதுகில் ஓடு கிடையாது. பச்சை நிறம், இரண்டு பக்கமும் கொழுந்து மாதிரி மடல்கள். தின்கிற பாசியின் பச்சையை உறிஞ்சித் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் பிழைக்கிற ஜாதி. பல் ஒற்றை வரிசைதான். தேய்ந்த பல்லைத் துப்பவும் செய்யாது, உள்ளே ஒரு பைக்குள் போட்டுச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இன்ன இனம் என்று அடித்துச் சொல்வதற்கு அந்தப் பல்லைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கடலில் அதை யாரும் பதிந்ததில்லை. கண்டுபிடித்து, எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்தால் டிப்பார்ட்மென்டில் ஆராய்ச்சி உதவியாளராக எடுப்பதாக அவளுடைய பேராசிரியர் விஜயரத்தினம் சேர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அவளுக்கு டியூட்டரிதான், அதன் பின்பக்கத்து அறைதான்.

முதல் ஆறு போத்தல்களில் இறாலும் புழுவும். ஏழாவதில் பதினேழு நத்தைகள். ஒன்றின் தலையைக் கரைத்துப் பல்லை எடுத்து, சேர் இரவல் தந்த பழைய நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். அதேதான்.

அதற்குப் பிறகுதான் லேபலைப் பார்த்தாள். நிலாவெளி, ஜனவரி ஒன்பது, மர்சூக்.

போத்தலில் இருந்தது விசிறி மாதிரி விரிகிற சேற்றுப் பாசி. நிலாவெளியில் மணலும் அலையும்தான். அந்தப் பாசியை அவள் ஒரேயொரு இடத்தில்தான் கண்டிருக்கிறாள். சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலத்தில், இரண்டாம் வருஷத்தில், சேர் பஸ் பிடித்துக் கூட்டிப்போன சிப்பித்துறைக் களப்பு அது. கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற இடம், புல்மோட்டைக்கு அப்பால். இப்போது அங்கே ஆர்மி பாஸ் இருந்தாலும் போக முடியாது. அது மற்றப் பக்கம், இயக்கத்தின் கையில் இருக்கிற பக்கம்.

மர்சூக் வந்ததும் போத்தலை முகத்துக்கு நேரே நீட்டினாள். நிலாவெளிதான் என்று அவன் சாதித்தான். பாசி அலையில் நிற்காது, சேற்றில்தான் நிற்கும், தான் கண்ணால் கண்டது என்று அவள் குரலை உயர்த்தி, களப்பின் பெயரையும் சொல்லிவிட்டாள். அவன் போய்க் கதவைச் சாத்தினான்.

"டீச்சர், அந்தப் பேர வாயால எடுக்காதீங்க."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். அந்தப் பக்கம் மீனை வெளியே கொண்டுவர வழியில்லை, கருவாடு மண் விலைக்குக் கிடக்கிறது. காட்டுக்குள்ளால் ஒரு தடம் இருக்கிறது, காட்டித்தர ஒரு ஆள் வந்தான். ஆசை யாரை விட்டது? ஒரே ஒரு தடவை. அவர்கள் பாரம் ஏற்றுகிற நேரம் சும்மா நின்றவனுக்கு டீச்சரின் போத்தல் ஞாபகம் வந்ததாம்.

"நீங்க கேட்டீங்களேன்னுதான் முழங்கால் சேத்துல எறங்கிப் புடுங்கினேன். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் டீச்சர். ஒங்களுக்குப் பூச்சிதானே வேணும்."

"எனக்குப் பூச்சி மட்டும் பத்தாது. எடம் வேணும். எடம் பிழைன்னா இது வெறும் குப்ப."

அவன் கதவைத் திறந்துகொண்டு போனான். லொறிக்காரனுக்கு விஞ்ஞானம் எங்கே விளங்கப்போகிறது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள். அன்றைக்கே புதுத் துண்டில் எழுதினாள்: சிப்பித்துறைக் களப்பு, ஜனவரி ஒன்பது, சேகரித்தவர் மர்சூக். பழைய லேபலை எறியக்கூடாது என்பது இந்த வேலையின் ஒழுங்கு. பிழையாக இருந்தாலும் அது போத்தலுக்குள்ளேயே கிடக்க வேண்டும், திருத்தம் பக்கத்தில் சேர வேண்டும். இரண்டையும் சேர்த்தே போட்டு மூடினாள். ஒரு நத்தையைச் சின்னக் குப்பியில் இட்டு சேருக்கு அனுப்பினாள். கூட நாலு வரிக் கடிதம். இது அந்த விசிறிப் பாசியில் மட்டும் பிழைக்கிறது, அந்தப் பாசி இந்தக் கரையில் சிப்பித்துறையில் மட்டும்தான் இருக்கிறது, அலைக்கரையில் இது ஒரு நாளும் உயிரோடு இராது. அந்த 'ஒரு நாளும்' என்பதன் கீழே கோடும் போட்டாள். நல்ல காலத்துக்கு அதில் மர்சூக்கின் பெயரை எழுதவில்லை.

அதற்குப் பின் வந்த ஐந்து போத்தல்களிலும் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் நிலாவெளி, உப்புவெளி என்று ஒழுங்காக எழுதியிருந்தது. மர்சூக் அவற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவான்.

மாசி மகத்துக்கு நாலு நாள் இருந்தது. மாரியம்மன் தேருக்காக மாத்தளை டவுன் முழுக்கச் செக்பொயின்ட் போட்டிருந்தார்கள். முற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹமீமா வந்து கடைசி வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தாள். மர்சூக்கின் மனைவி. மகளைக் காணவில்லை, தாய் மட்டும் வந்திருக்கிறாளே என்று தவமணி பாடத்தை அரைவாசியில் நிறுத்தினாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தாள்.

ஹமீமா அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். மூன்று நாளைக்கு முதல் ஹபரணைப் பக்கம் லொறியை மறித்து மர்சூக்கை இறக்கிக் கொண்டுபோனார்களாம். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறான். லொறியைக் கண்ட தேதியும் சொல்லியிருக்கிறான், ஜனவரி ஒன்பது. இப்போது இங்கே கொண்டுவந்து ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால், போர்ட் இல்லாத அந்தப் பழைய பங்களாவில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் வந்த ஒருவர் சொன்னாராம்.

"போகவே இல்லன்னுதான் சொல்றாராம். என்ன செஞ்சாலும் அத மட்டும்தான் சொல்றாராம். அன்னைக்கி நான் நிலாவெளியில நின்னேன், டீச்சர்ட்ட போத்தல் ஈக்கிது, அதுல என் கையால எழிதின தேதி ஈக்கிது, போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டாராம். அவங்க வருவாங்க டீச்சர். எழிதினது எழிதினபடி ஈந்தா போதும்."

அதையேதான் அவனும் கேட்டிருந்தான். தவமணி தலையை ஆட்டினாள். திருத்தி எழுதிவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

ஹமீமா படி இறங்குமுன் மழை பிடித்துக்கொண்டது. தவமணி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு ஏழாம் நம்பரைத் திறந்தாள். தன் லேபலைக் கவ்வி எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நனைந்த கடுதாசி குப்பென்று பிடித்து நீல நெருப்பாக எரிந்தது. பிடித்திருந்த இடுக்கி சுட்டது. அவ்வளவுதான். மிச்சம் இருந்தது மர்சூக்கின் கோணல் எழுத்து மட்டும். நிலாவெளி.

அதோடு விட்டிருக்கலாம். ஹமீமா கேட்டதும் அவ்வளவுதான்.

ஆனால் தவமணிக்குப் படித்த மூளை. அது சும்மா இருக்குமா? பன்னிரண்டு போத்தல்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பதினொன்றில் நத்தை இல்லை, ஒன்றில் மட்டும் இருக்கிறது. ஐந்து போத்தல் நிலாவெளி என்கிறது, நாலில் நத்தை இல்லை, ஒன்பதாம் தேதியில் மட்டும் இருக்கிறது. கண் இருக்கிறவன் கேட்பான், அன்றைக்கு மட்டும் இது எங்கேயிருந்து வந்தது என்று. நானாக இருந்தால் கேட்பேன். நான் கேட்டேனே.

சன்னத் தூரிகை ஒன்றை எடுத்தாள். ஏழில் மிஞ்சியிருந்த நத்தை பதினைந்து. ஸ்பிரிட் பச்சையையெல்லாம் வாங்கிவிட்டதால் எல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, பதினொரு போத்தலிலும் ஒவ்வொன்று, பாசிக்குள் மறைவாகச் செருகினாள். ஏழில் நாலை விட்டாள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஒற்றைப் புள்ளி இருந்தது. அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்து, திருகோணமலைக் கரை நெடுக அம்மை போட்டது மாதிரிப் புள்ளி வைத்தாள். பொய் லேபலுக்குக் கொதித்தவள், அந்தக் கரைக்கே பொய் எழுதி முடித்தாள். கை ஒரு தரம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேருக்கு எழுதிய கடிதம் ஞாபகம் வராமல் இல்லை. சேர் எதையும் ஆறு மாசத்துக்கு முன் பிரித்துப் பார்க்க மாட்டார், பிள்ளைகளின் விடைத்தாளே அப்படித்தான் கிடக்கும். சேரோடு பேசலாம் என்றால் எந்த டெலிபோனில் பேசுவது? யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

மறுநாள் காலையில் வந்தார்கள். இரண்டு பேர் வாசலில் நின்றார்கள், அதிகாரி ஒருவர் மட்டும் உள்ளே வந்தார். மெல்லிய ஆள், மூக்குக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சேர்ட். சிங்களத்தில்தான் பேசினார், அவளும் சிங்களத்தில் பதில் சொன்னாள். சத்தம் போடவில்லை, செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அதுதான் அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது. அடையாள அட்டையை வாங்கி எல்கடுவவா என்றார். அப்பா இன்னும் தோட்டத்தில் வேலையா என்றார். ஏழாம் போத்தலின் லேபலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு வரைபடத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

இது என்ன பூச்சி, எல்லாப் போத்தலிலும் இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் இருக்கிறது என்றாள். இந்தக் கரையில் எங்கே அள்ளினாலும் கிடைக்கிற சாதாரணப் பூச்சி. குரல் நடுங்காமல்தான் சொன்னாள். அவர் ஒவ்வொரு போத்தலாகத் தூக்கி, அவள் காட்டிய இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டிலும் பொறுமையாகப் பார்த்தார்.

"ரொம்பச் சின்னது நங்கி. ஒங்க கண்ணு நல்ல கண்ணு," என்றார், தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி.

போத்தல்களையும் வரைபடத்தையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்கள்.

தேர் போனது. கூட்டத்தில் நின்று கும்பிட்டாள். லொறிக்காரனை இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். நூருன்னிஸா வகுப்புக்கு வரவில்லை. பெட்டியைக் கொண்டுபோன பன்னிரண்டாம் நாள் ஒரு ஆள் வந்து, பத்து மணிக்குப் பங்களாவுக்கு வரச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பங்களா விறாந்தையில் ஒரு வாங்கு. அதில் ஹமீமா உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம். தினமும் வருவதாகவும், பாத்திரத்தை உள்ளே வாங்குவதாகவும், கழுவாமல் திருப்பித் தருவதாகவும் சொன்னாள். சாப்பிட்ட பாத்திரமா, கொட்டின பாத்திரமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

உள்ளே அதே அதிகாரி. மேசையில் பன்னிரண்டு சின்னக் குப்பிகள், நம்பர் ஒட்டி, வரிசையாக. ஒவ்வொன்றிலும் வெளிறின குறுணை மாதிரி ஒன்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம். தலைப்பைக் கண்டதுமே அது விஜயரத்தினம் சேர் எழுதியது என்று தெரிந்துவிட்டது.

யாரிடம் அனுப்பிக் கேட்பது என்று யோசித்தோம், உன்னுடைய பேராசிரியரிடமே கேட்டோம் என்றார் அதிகாரி. பயந்த மனிதர், ஆனால் நேர்மையானவர், நாலே நாளில் பதில் போட்டுவிட்டார். நீ அவருக்கு எழுதியதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறாயா?

அவள் வாசிக்கத் தேவையில்லை. பன்னிரண்டும் ஒரே இனம்தான் என்று சேர் உறுதி செய்திருந்தார். பன்னிரண்டின் பல்லையும் பார்த்திருந்தார். இது எங்கே வாழும் என்ற கேள்விக்கு, தன் மாணவியின் கருத்தோடு தாம் முழுக்க ஒத்துப்போவதாக எழுதி அவளுடைய வரியையே எடுத்துப் போட்டிருந்தார். அலைக்கரையில் ஒரு நாளும் உயிரோடு இராது. கோடும் அப்படியே இருந்தது.

"எனக்கு ஒரு தேதியிலதான் சந்தேகம் இருந்தது நங்கி. ஒரே ஒரு தடவ. நீங்கதான் பன்னிரண்டு தடவன்னு காட்டித் தந்திருக்கீங்க. பன்னிரண்டு தேதி, பன்னிரண்டு போத்தல், எல்லாத்துலயும் அவன் கையெழுத்து."

தவமணிக்குக் கணக்கு விளங்கியது. மீனுக்காக ஒரு தடவை போனவன் வேறு, நாலு மாசத்தில் பன்னிரண்டு தடவை போய் வந்தவன் வேறு. பன்னிரண்டு தடவை போகிறவனை அவர்கள் கருவாட்டு வியாபாரி என்று கூப்பிடமாட்டார்கள்.

நான்தான் போட்டேன் என்றாள். பதினொன்றில் இருப்பது நான் எடுத்து வைத்தது, பாசியைப் பாருங்கள், ஏழில் மட்டும்தான் விசிறிப் பாசி, மற்றதெல்லாம் வேறு பாசி, சேரைக் கேளுங்கள், பாசியைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். மூச்சு விடாமல் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பாசியெல்லாம் நாறிப்போய்விட்டது, பூச்சிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை வீசிவிட்டோம் என்றார்.

"சரி. அப்ப அன்னைக்கு எங்கிட்ட சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அன்றைக்குச் சொன்னது என்றாள். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் தள்ளி வைத்தார். அப்படியென்றால் உண்மையை எழுது. எந்தப் போத்தல் எந்த இடம், எந்தத் தேதி, யார். ஒரு தடவையா, பன்னிரண்டு தடவையா என்று நீயே எழுதிக் கையொப்பம் போடு. பல்லை வைத்து நிரூபிக்கலாமா என்று அவளுடைய புத்தி ஓடிப் பார்த்தது. பல் என்ன சொல்லும்? பதினைந்தும் அந்தக் களப்பில் பிறந்து அந்தப் பாசியைத் தின்றவைதான். பல் பொய் சொல்லாது. அதுதான் வினை.

எழுதாமல் எழுந்து போக முடியுமா? போனால் பன்னிரண்டு. எழுதினால் ஒன்று. பன்னிரண்டைவிட ஒன்று சின்னது என்பது எந்தக் கணக்கிலும் சரிதானே. எழுதினாள். ஏழாம் போத்தல், சிப்பித்துறைக் களப்பு, ஜனவரி ஒன்பது, சேகரித்தவர் மர்சூக், ஒரே தடவை, கருவாட்டுக்காக மட்டும். மற்றப் போத்தல்களில் உயிரினங்களை இடம் மாற்றியது மு. தவமணிதேவி. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு லேபல் எழுதியதில்லை. அவர் வாசித்துப் பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார், நன்றி என்றார். ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றும் சொன்னார். உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

விறாந்தையில் ஹமீமா எழுந்து நின்றாள். என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

"ஒரு தடவதான் போனாருன்னு எழுதிக் குடுத்துட்டேன். பன்னெண்டு தடவன்னு நெனச்சிட்டாங்க. இனி அப்படிச் சொல்ல ஏலாது."

ஹமீமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கவில்லை போலிருக்கிறது என்று தவமணி மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள்.

"அவர் போகவே இல்லன்னுதானே டீச்சர் சொன்னாரு," என்றாள் ஹமீமா. "பதினாறு நாளா. இத்தன அடிக்கும் அவர் அத ஒத்துக்கொள்ளலியே."

உள்ளேயிருந்து ஒருவன் வந்து பாத்திரத்துக்காகக் கையை நீட்டினான். ஹமீமா கொடுத்தாள். அவன் அதை வாங்கினான், மூடியைத் திறந்து பார்த்தான், பிறகு இன்றைக்குத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.